வாசகர் கேள்வி – பதில்: முந்திரிகைப் பந்தல்

கேள்வி: மூன்று வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்து நட்ட முந்திரிகை (திராட்சை)த் தடி இன்று கிணற்றடிப் பந்தல் முழுவதையும் மூடி நிற்கிறது. ஆனால் ஒரு குலைகூடக் காய்க்கவில்லை. பசளை போதாதா? – வாசகி, உப்புவெளி

பதில்: பசளையில் குறையிருப்பதாகத் தெரியவில்லை, கொடியில் இதுவரை கத்தி படவில்லை என்றே எண்ணுகிறேன். குளிர்நாடுகளில் இக்கொடி இலையுதிர்த்து உறங்கிப் பின்னர் ஒரேயடியாகத் துளிர்த்துப் பூக்கும். திருகோணமலையில் அதனை உறங்கவைக்கும் குளிர் இல்லாதபடியால், வெட்டாமல் விட்டால் அது நுனியிலேயே நீண்டுகொண்டு போகும். சென்ற பருவத்தில் வளர்ந்து பழுப்பு நிறமாக முற்றிய தடியின் கணுவிலிருந்து புதிதாகக் கிளம்பும் தளிரில்தான் பூங்குலை தோன்றும் என்பதால், அத்தகைய தடிகளை ஐந்தாறு கணு விட்டு வெட்டி, எஞ்சிய இலைகளையும் கையால் உருவிவிடுங்கள். இரண்டு வாரமளவில் கணு வெடித்து, தளிரோடு கடுகுமணி போன்ற அரும்புக்கொத்தும் வெளியே தெரியும். பச்சைத் தடியை வெட்டுவதால் இலைதான் பெருகும்.

வெட்டியதிலிருந்து பழம் பறிக்க ஏறத்தாழ நான்கு மாதம் செல்லும். நம் பக்கத்து மாரிமழை ஒக்டோபரில் தொடங்குவதால், மழை ஓயும் ஜனவரி முற்பகுதியில் ஒரு முறையும், அந்தப் பழத்தை எடுத்துச் சில வாரம் கொடியை ஆறவிட்டு மே இறுதியில் மற்றொரு முறையும் வெட்டுவது பொருத்தம். இரண்டாவது வெட்டுக்குக் கச்சான் காற்றில் மண் விரைவாகக் காயும். அதனால் தண்ணீர் தவறக்கூடாது. மாரிக்குள் பூக்கவிட்டால் பூ கொட்டும், இலையின் கீழ்ப்புறம் வெள்ளைப் பங்கசும் பிடிக்கும்.

கேள்வி: குவைத்தில் வேலை செய்த காலத்தில் ‘வரக் எனப்’ என்று முந்திரிகை இலையில் சோறு சுற்றிச் சமைத்தோம். எங்கள் வீட்டுக் கொடியின் இலையும் உதவுமா? – வாசகி, கிண்ணியா

பதில்: தாராளமாக உதவும். நுனியிலிருந்து மூன்றாம், நான்காம் இலைகளே பதமானவை. அவற்றை உப்பிட்ட கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்தால் மடிக்கும்போது கிழியாது. போடோக் கலவையோ வேறு மருந்தோ அடித்த கொடியின் இலையை மட்டும் தொடாதீர்கள். குலையுள்ள தளிரிலும் பறிக்க வேண்டாம். ஒரு குலை இனிக்கப் பத்துப் பதினைந்து இலையாவது உழைக்க வேண்டும்.

குலை நெருக்கமாக இருந்தால் பட்டாணி அளவில் சில காய்களைக் கிள்ளி எடுப்பது வழக்கம். அவற்றை எறியாமல், நசுக்கிப் பிழிந்து, விளைமீன் சொதிக்குத் தேசிப்புளிக்குப் பதிலாக விட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் முதலில் முகம் சுளித்தவர்களே பின்னர் அடுத்த குலை எப்போது கிள்ளப்படும் என்று கேட்டார்கள்.

கேள்வி: பழம் கறுத்துவிட்டது, ஆனால் வாயில் வைக்க முடியாத புளிப்பு. பறித்து வைத்தால் பழுக்குமா? – வாசகர், நிலாவெளி

பதில்: பழுக்காது. மாம்பழம்போல இது பறித்த பின் இனிப்பதில்லை. நிறம் முந்தும், இனிப்புப் பிந்தும். குலையின் அடிநுனிப் பழத்தைச் சுவைத்து, அது இனித்த பிறகே வெட்டுங்கள். அதுவரை அணிலுக்கும் வௌவாலுக்கும் எட்டாதபடி பழைய நுளம்புவலைத் துண்டால் குலையைக் கட்டிவிடுங்கள்.

கேள்வி: காய்ச்சி வடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த முந்திரிகைச் சாற்றின் அடியில் கண்ணாடித்தூள் போல ஏதோ படிந்திருந்தது. பயந்து முழுவதையும் ஊற்றிவிட்டேன். – வாசகி, சாம்பல்தீவு

பதில்: அநியாயமாகப் போய்விட்டது. அது கண்ணாடியன்று, பழத்திலுள்ள தாத்தாரிக் அமிலத்தின் உப்பு, குளிரில் பளிங்காகப் படிந்தது. நாம் நாள்தோறும் கரைக்கும் பழப்புளியின் புளிப்பும் பெரும்பாலும் அதே அமிலந்தான். அடுத்த முறை சாற்றை ஓரிரவு அசையாமல் குளிரவைத்து, தெளிவை மட்டும் வேறு போத்தலுக்கு மாற்றுங்கள். சீனியை அதன் பிறகு சேர்த்தால் போதும்.