காகிதம்போல் மெல்லிய பிளைவுட்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: மாதிரி விமான இறக்கையின் முன்விளிம்பைப் போர்த்த 0.4 மி.மீ. பிளைவுட் தேவை. மரக்கடையில் கிடைக்கும் 0.5 மி.மீ. வெனீர் (மெல்லிய மரத்தகடு) போதாதா?

பதில்: போதாது. வெனீர் ஒற்றை அடுக்கு, இழையோட்டத்திலேயே பிளந்துவிடும். 0.4 மி.மீ. பிர்ச் மர பிளைவுட்டில் மூன்று அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருக்கும். அத்தனை மெல்லிய தகட்டில் மூன்று அடுக்கு என்பதே ஓர் அற்புதமான கைத்திறன்! மாதிரி விமானப் பொருள் விற்பவர்களிடம் ‘ஏர்கிராஃப்ட் பிளை, 1/64 அங்குலம்’ என்று கேளுங்கள். வாங்குமுன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்; உள்ளடுக்கில் இடைவெளி இருந்தால் கீற்றாக ஒளி தெரியும். அந்த இடத்தில்தான் வளைக்கும்போது ஒடியும்.

மேல் இழை இறக்கையின் நீளவாட்டில் இருந்தால் முன்விளிம்பைச் சுற்றி எளிதாக வளையும். முறுக்கு விசையைத் தாங்கவேண்டுமென்றால் 45 பாகையில் வெட்டுங்கள். வீணாகும் துண்டு கூடும், ஆனாலும் தகும். புதிய பிளேடால் நாலைந்து முறை லேசாகக் கீறி வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்டினால் அடிப்புற இழை பிய்யும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை அகலமாகப் பூசினால் தகடு அலையலையாக நெளியும். எபாக்ஸிப் பசையை மெல்லியதாகத் தடவுங்கள்.

கேள்வி: பால்சா என்ற லேசான மரத்தைவிட இந்த பிளைவுட் எடை கூடுமா?

பதில்: கூடும். 10 x 100 செ.மீ. துண்டு ஏறக்குறைய 28 கிராம். அதே அளவில் 1.5 மி.மீ. நடுத்தர பால்சா 22 கிராம்தான். ஆகவே அடி வாங்கும் இடங்களுக்கு மட்டும் பிளைவுட் போடுங்கள்.