ஒரே புல், மூன்று விலை

கேள்வி: அமெரிக்காவில் பெபிள் பீச் மைதானத்தில் ஒரு தடவை கோல்ஃப் ஆட 600 டாலருக்கு மேல் வாங்குகிறார்களாம். பணம் கொட்டுமே, அப்புறம் ஏன் முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள்?
- ஒரு வாசகர், ஈரோடு

கொட்டத்தான் செய்கிறது, ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு நான்கு பேர் என்று காலை ஏழிலிருந்து பிற்பகல் இரண்டு வரை அனுப்பினால் 168 பேர். அதற்கு மேல் அனுப்பினால் இருட்டுவதற்குள் 18 குழிகளையும் முடிக்க முடியாது. தியேட்டர் மாதிரி இன்னொரு காட்சி சேர்க்க வழியே இல்லை. செலவு மட்டும் ஆட்களை எண்ணிப் பார்த்து வருவதில்லை. மழையில் நாலு பேர் வந்தாலும் புல் வெட்டியாக வேண்டும், சம்பளம் தந்தாக வேண்டும்.

அதனால் வருமானத்தைப் புல்லைச் சுற்றித்தான் தேடவேண்டும். பெபிள் பீச்சில் உறுப்பினர் ஆகாமலே யாரும் பணம் கட்டி ஆடலாம், ஆனால் முன்கூட்டியே நேரம் உறுதியாக வேண்டுமானால் அவர்கள் விடுதியில்தான் தங்கவேண்டும், அங்கே அறை வாடகை ஒரு இரவுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும். கடலோரமாகப் போகும் 17 மைல் சாலையைச் சுற்றிப் பார்க்க வரும் கார்களுக்கும் கட்டணம் உண்டு.

இது பிடிபடாமல் மாட்டியவர் ஜப்பானியத் தொழிலதிபர் மினோரு இசுதானி. 1990-இல் இந்த மைதானத்தையும் அதோடு சேர்ந்த விடுதிகளையும் 80 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார், அதில் பெரும்பகுதி கடன். ஒவ்வொரு உறுப்பினர் இடத்தையும் ஏழு லட்சம் டாலருக்கும் மேல் விற்றுக் கடனை அடைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. பொதுமக்கள் ஆடும் இடத்தை உறுப்பினர்களுக்கென்று பூட்டக்கூடாது என்று கலிபோர்னியாவின் கடலோர ஆணையம் தடுத்துவிட்டது. 1992-இல் இன்னொரு ஜப்பானியக் கூட்டுக்கு சுமார் 50 கோடிக்குக் கைமாறியது. புல் வாடவில்லை, ஆட வந்தவர்கள் குறையவில்லை, வட்டிதான் ஆளைச் சாய்த்தது. 1999-இல் தொழிலதிபர் பீட்டர் யூபராத், நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட், கோல்ஃப் வீரர் ஆர்னால்ட் பாமர் முதலானோர் நூற்றுக்கும் மேற்பட்ட கூட்டாளிகளைச் சேர்த்து 82 கோடிக்கு வாங்கினார்கள். பலரின் முதல் சேர்ந்ததால் ஒருவர் தலையில் மொத்தச் சுமையும் விழவில்லை என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது.

கேள்வி: உறுப்பினர் டெபாசிட்டை மட்டும் வைத்தே ஒரு கிளப்பை நடத்த முடியாதா? வட்டியில்லாப் பணம்தானே?
- ஒரு வாசகி, மதுரை

ஜப்பான் முழுக்க அப்படித்தான் நடத்தினார்கள், சகோதரி. சேருபவர்களிடம் டெபாசிட் வாங்கி அதிலேயே நிலம், கட்டடம் எல்லாம் முடிப்பார்கள். பெரும்பாலும் பத்து வருடம் கழித்துக் கேட்டால் திருப்பித் தரவேண்டும். உறுப்பினர் இடத்தின் சந்தை விலை ஏறிக்கொண்டிருந்தவரை யாரும் டெபாசிட்டைக் கேட்கவில்லை, வெளியே விற்றால்தானே லாபம். டோக்கியோ பக்கத்து கோகனெய் கிளப்பில் ஒரு இடம் 40 கோடி யென்னைத் தொட்ட காலம் அது. 1990-க்குப் பிறகு விலை சரிந்து டெபாசிட்டுக்கும் கீழே போனதும், தவணை முடிந்தவர்கள் எல்லோரும் பணத்தைக் கேட்டு வந்தார்கள். பணமோ மண்ணாகவும் சிமென்டாகவும் மாறியிருந்தது. கிளப்புகள் வரிசையாகத் திவாலாக, அமெரிக்க முதலீட்டு நிறுவனங்களான கோல்ட்மேன் சாக்ஸும் லோன் ஸ்டாரும் வந்து மலிவாக அள்ளிக்கொண்டன. டெபாசிட் கட்டியவர்கள் பலருக்குச் சொற்பம்தான் திரும்பியது, அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. சீட்டுப் பணத்தைப் போட்டு வீடு கட்டியவர் கதை நம் ஊரிலும் இப்படித்தானே முடிகிறது.

கேள்வி: அவ்வளவு புல்லுக்குத் தண்ணீர் ஏது?
- ஒரு வாசகர், கோவை

பெபிள் பீச் இருக்கும் பகுதியில் குடிநீருக்கே தட்டுப்பாடு. கழிவுநீரைச் சுத்திகரித்து 1994 முதல் மைதானங்களுக்குப் பாய்ச்சுகிறார்கள். அந்தத் திட்டத்துக்கான கடனுக்கு பெபிள் பீச் நிறுவனமே பொறுப்பேற்றது, பதிலுக்கு அதற்குக் குடிநீர் உரிமை கிடைத்தது. பின்னால் திட்டத்தை மேம்படுத்தப் பணம் தேவைப்பட்டபோது, அந்த உரிமையில் ஒரு பகுதியை அங்கேயே வீடு வைத்திருப்பவர்களுக்கு விற்றுப் பணம் திரட்டினார்கள்.