பார்த்து எழுதும் பிள்ளைகள் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. வேலையில் சேர்ந்து இது இரண்டாவது வருடம். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில் என் பொறுப்பில் இருக்கின்றன. இங்கிலீஷ் பீரியடில் ஒரு வார்த்தைகூடத் தமிழ் பேசக் கூடாது என்கிறார் தலைமை ஆசிரியர். முழுக்க இங்கிலீஷில் பேசினால் பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழில் பேசினால் அப்புறம் எதற்கு இங்கிலீஷ் பீரியட் என்று எனக்கே தோன்றுகிறது. எவ்வளவு தமிழ் பேசலாம்? 'இஸ்கூல்', 'புக்கு' என்று சொல்வதைத் திருத்த வேண்டுமா? நல்ல கதைப் புத்தகங்கள் சொல்ல முடியுமா?

ஒன்று மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். என் பிள்ளைகளின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். போன மாதம் பார்வைக்கு வந்த வட்டாரக் கல்வி அலுவலர், மற்ற பள்ளிகளுக்குக் காட்ட வேண்டும் என்று இரண்டு பேர் நோட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

தமிழ் பேசுங்கள், தாராளமாக. 'ஓப்பன் யுவர் புக்', 'கம் ஹியர்', 'சிட் டவுன்' மாதிரி அன்றாடம் வருவதையெல்லாம் இங்கிலீஷிலேயே சொல்லுங்கள். தினமும் அதே நேரத்தில் அதே வேலைக்கு வருவதால் பிள்ளைகள் தாமாகவே பிடித்துக்கொள்வார்கள். பாடத்தை விளக்குவது தமிழில் இருக்கட்டும். முழுப் பாடத்தையும் இங்கிலீஷில் சொல்லிவிட்டு 'அண்டர்ஸ்டாண்ட்?' என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து 'எஸ் மிஸ்' என்று இழுக்கும். அதை நம்பி அடுத்த பாடத்துக்குப் போகக் கூடாது. தலைமை ஆசிரியரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பிள்ளைகள் வாசிக்க ஆரம்பித்தால் அவரே விட்டுவிடுவார்.

உச்சரிப்பை இப்போதைக்கு விடுங்கள். தமிழில் ஒரு சொல் இரண்டு மெய்யெழுத்தோடு தொடங்காது, வல்லின மெய்யில் முடியாது. தொல்காப்பியம் மொழிமரபு என்ற இயலில் சொல்லியிருப்பதைத்தான் உங்கள் பிள்ளைகளின் நாக்கு செய்கிறது. 'இஸ்கூல்' என்பதில் முன்னால் ஒரு இகரம், 'புக்கு' என்பதில் பின்னால் ஒரு உகரம். நிறையக் காதில் விழுந்தால் சரியாகும். வாக்கியத்தின் நடுவில் நிறுத்தித் திருத்தினால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வாயைத் திறக்காது.

கடிதத்தின் கடைசியில் பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கையெழுத்து, அதற்குத்தான் இந்தப் பதில். போன மாதம் லீவுக்கு என் தங்கை பேரன் வந்திருந்தான். நகரத்துக் கட்டணப் பள்ளி, இரண்டாம் வகுப்பு. நோட்டு நிறைய இங்கிலீஷ். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் 'வெரி குட்'. அதில் ஒரு வரியைத் தொட்டுப் படிடா என்றேன். என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். எழுதினதைப் படிக்க வேறு சொல்வார்களா என்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை. அன்றிலிருந்து இதே நினைப்பாக இருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் கையெழுத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அலுவலர் பாராட்டியதை எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியும் என்று ஒரு வார்த்தை இல்லை. அலுவலராவது அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறவர். நீங்கள் வருடம் பூராவும் அந்த அறையில் இருக்கிறவர். நோட்டைப் பார்த்து நீங்கள் ஏமாறலாமா?

நாளைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். போர்டில் ஒரு வாக்கியம் எழுதிப்போட்டுவிட்டு, ஓரமாக நின்று பிள்ளைகளின் தலையை மட்டும் கவனியுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒரு தடவை நிமிர்ந்து ஒரு முழுச் சொல்லை எடுத்துக்கொண்டு குனியும். சில பிள்ளைகள் இரண்டு மூன்று சொல்லைச் சேர்த்தே எடுக்கும். வாசிக்கத் தெரியாதது ஒவ்வோர் எழுத்துக்கும் நிமிரும். ஒன்றை வரையும், நிமிரும், அடுத்ததை வரையும். 'எலிஃபண்ட்' என்று எழுத எட்டுத் தடவை நிமிர வேண்டும். புள்ளி பார்த்துக் கோலம் போடுகிற மாதிரிதான் அது. கோலம் எவ்வளவு அழகாக வந்தாலும் அதில் யானை கிடையாது. கவனமாக ஒவ்வொன்றாகப் பார்த்து வரைவதால்தான் அந்த நோட்டு அவ்வளவு சுத்தமாகவும் இருக்கிறது.

வீட்டுப்பாடமும் இதே கதைதான். ஒரு வாக்கியத்தை ஐந்து தடவை எழுதி வா என்றால் பிள்ளைகள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? முதல் சொல்லை மேலிருந்து கீழாக ஐந்து தடவை எழுதும். அப்புறம் பக்கத்தில் இரண்டாவது சொல்லை மேலிருந்து கீழாக. அப்புறம் மூன்றாவது. நோட்டில் ஐந்து வாக்கியம் வந்துவிட்டது. அந்தத் தலைக்குள் ஒன்றுகூட வாக்கியமாகப் போகவில்லை. விரல்தான் வலிக்கும்.

நான் வேலை பார்த்தது கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில். ஊரில் பாதி வீட்டுக்குத் தீப்பெட்டி ஆபீஸ்தான் கஞ்சி ஊற்றியது. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. நாலு கோட்டு நோட்டில் கோடு பிசகாமல் எழுதுவாள். வகுப்பு மொத்தமும் சத்தமாக வாசிக்கும்போது அவள் குரல்தான் முன்னால் நிற்கும். ஒரு நாள் பக்கத்தில் உட்காரவைத்துத் தனியாக வாசிக்கச் சொன்னேன். விரலை வைத்து மளமளவென்று வாசித்தாள். வாய் மூன்றாவது வரியில் இருந்தபோது விரல் இரண்டாவது வரியின் நடுவில் நகர்ந்துகொண்டிருந்தது. வாய் பாடத்தை முடித்துவிட்டது. விரலுக்குக் கீழே இன்னும் ஒன்றரை வரி மிச்சம். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்று கேட்டேன். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்த இடம் வந்துவிட்டதாக நினைத்து நின்று, சொன்னாள். அவள் சொன்னது பக்கத்துச் சொல்.

காதால் கேட்டே ஒரு முழுப் பக்கத்தை ஏற்றிக்கொண்ட பிள்ளை அவள். மந்தமான பிள்ளைக்கு அது முடியாது. எழுத்துகளின் பெயரை மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், ஓசையை யாரும் சொல்லவில்லை. தமிழில் இந்தச் சிக்கல் கிடையாது. 'ம' என்று சொல்லிக்கொடுத்தால் 'மரம்' என்பதில் அந்த 'ம' அப்படியே இருக்கும். இங்கிலீஷில் அதன் பெயர் 'எம்'. எம், ஏ, டி என்று எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'மேட்' வராது. எழுத்து 26, ஓசை ஏறக்குறைய 44. இதை யாராவது அந்தப் பிள்ளைக்கு உடைத்துச் சொல்ல வேண்டாமா?

சொல்லிக்கொடுக்க வழி இருக்கிறது. ஏபிசிடி வரிசையை ஒதுக்கிவிட்டு எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறு எழுத்தின் ஓசைகளை முதலில் பழக்கும் முறை பல நாடுகளில் உண்டு. (டி என்றால் டீச்சரில் வருகிற டீ, பி என்றால் பென்சிலில் வருகிற பீ.) அந்த ஆறை வைத்தே பின், டின், நிப், டிப், சிட், சிப் எல்லாம் வந்துவிடும். அதுவும் ம், ஆ, மா என்று உயிர்மெய் கூட்டிப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு இது புது வித்தையே இல்லை. 'ப்', 'இ', 'ன்' என்று சொல்லிச் சேர்க்கச் சொன்னால் சேர்த்துவிடும். இங்கிலீஷில் உயிரும் மெய்யும் சேர்ந்து புது வடிவம் எடுக்காமல் தனித்தனியாக நிற்கும், அவ்வளவுதான். எவ்வளவு தமிழ் பேசலாம் என்று கேட்டீர்களே, இந்த இடத்தில் தமிழ் இல்லாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள்? ஆனால் இங்கிலீஷ் சொல்லுக்குக் கீழே தமிழில் உச்சரிப்பு எழுதி வைக்க மட்டும் விடாதீர்கள். கண் தமிழுக்குத்தான் போகும். பென்சிலின் பீயும் பேட்டின் பீயும் தமிழில் ஒரே எழுத்தாகிவிடும்.

அந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தீப்பெட்டிப் படம்தான் உதவியது. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அதைச் சேர்த்து வைத்து விளையாடுவார்கள். கப்பல், சாவி, மான், ரோஜா. படத்துக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் பேர். எல்லாரையும் கொண்டுவரச் சொன்னேன். படத்தைப் பார்த்து ஒன்று விடாமல் சொன்னார்கள். அப்புறம் படத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு எழுத்தை மட்டும் காட்டினேன். வகுப்பே அமைதியாகிவிட்டது. எஸ்ஸும் எச்சும் சேர்ந்து நின்றால் 'உஷ்' என்று வாயில் விரல் வைக்கிற சத்தம் என்று மட்டும் சொன்னேன். அவள் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு 'ஷ்... இ... ப்' என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். இரண்டு தடவை, மூன்று தடவை. திடீரென்று 'ஷிப்! டீச்சர், கப்பல் மார்க்கு!' என்று கத்தினாள். அந்த வாரம் முழுக்க மிட்டாய்த் தாள், ஷாம்பூ பாக்கெட், லாரிக்குப் பின்னால் எழுதியிருப்பது என்று கண்ணில் பட்டதையெல்லாம் உடைத்து உடைத்துப் படித்துக்கொண்டு வந்து என் முன்னால் நிற்பாள்.

அப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் கையெழுத்து கெட்டுப்போனது. போர்டைப் பார்த்து வரைவதை விட்டுவிட்டுச் சொல்லை மனதில் வாங்கி எழுத ஆரம்பித்தாள். ஸ்பெல்லிங் தப்பு வந்தது, அடித்தல் திருத்தல் வந்தது. அவள் அப்பா நோட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று சத்தம். மகளைக் கூப்பிட்டு, அவர் பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்தாள். அதற்கப்புறம் அவர் நோட்டைப் பற்றிப் பேசவில்லை.

திட்டங்களுக்குக் குறைச்சல் இல்லை. செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கி, 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. பாட அட்டை, எந்தப் படியில் இருக்கிறோம் என்று பிள்ளை பார்த்துக்கொள்ள ஏணிப்படி, பிள்ளைகள் எழுதத் தாழ்வான கரும்பலகை. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்குத் தக்க பாடம். இரண்டுமே நல்ல எண்ணத்தில் வந்தவை. ஆனால் பயிற்சிநூலையும் பக்கத்தில் இருக்கிற பிள்ளையைப் பார்த்து நிரப்பிவிடலாம். 2022-ல் நடந்த அசர் (ASER) என்ற கல்வி நிலை ஆய்வில், கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் எளிய இங்கிலீஷ் வாக்கியத்தை வாசிக்க முடிந்தது. ஆய்வுக்குப் போனவர்கள் நோட்டைப் பார்க்கவில்லை. வீடு வீடாகப் போய், பிள்ளையின் கையில் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை, தாயி. ஒரே அறையில் இரண்டு வகுப்பு. ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது இன்னொன்றைச் சத்தமில்லாமல் உட்காரவைக்கப் 'பார்த்து எழுது' என்பதைப் போல வசதியானது வேறு கிடையாது. நடுவில் எமிஸ் தளத்தில் பள்ளி விவரப் பதிவு, கூட்டம், பயிற்சி. நோட்டு காலியாக இருந்தால் டீச்சர் ஒன்றும் நடத்தவில்லை என்று சொல்லிப் பெற்றோர் பிள்ளையை மெட்ரிக் பள்ளி வேனில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் வேறு. எல்லாம் சரி. அந்தப் பயத்துக்காகப் பிள்ளையின் இரண்டு வருடத்தைக் கொடுக்க முடியாது. பார்த்து எழுதுகிற நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். மிச்ச நேரத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றையும் சேர்த்து உட்காரவைத்து, ஒருவருக்கொருவர் வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். சத்தம் வரும், வரட்டும். தினமும் நாலைந்து பேரை மட்டும் உங்கள் பக்கத்தில் கூப்பிட்டு, புத்தகத்தில் இல்லாத ஒரு வரியைப் படிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தில் இருக்கிற வரி வேண்டாம், அது மனப்பாடமாக வந்துவிடும்.

கதைப் புத்தகம் கேட்டிருந்தீர்கள். சென்னை தூலிகா பதிப்பகத்தில் தமிழும் இங்கிலீஷும் ஒரே பக்கத்தில் இருக்கிற படப் புத்தகங்கள் கிடைக்கும். காசு இல்லையென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாக இருக்கின்றன, படிநிலை வாரியாகப் பிரித்து. முதல் படிநிலையில் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான் வரும். உங்கள் நான்காம் வகுப்புக்கும் அதிலிருந்தே ஆரம்பியுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கானது என்று பார்க்க வேண்டாம். முதல் இரண்டு மூன்று தடவை நீங்களே வாசித்துக்காட்டுங்கள். அப்புறம் அவர்கள் கையில் கொடுங்கள். அதைப் பார்த்து எழுதச் சொல்லிவிடாதீர்கள்.