'ஏதோ குறையுது' என்றால் எங்கே என்று கேளுங்கள்

நண்பரே, நீங்கள் எடிட் செய்த 6 நிமிடக் கல்யாண ஹைலைட்ஸைப் பார்த்த பெண் வீட்டார் "ஏதோ குறையுது" என்று மட்டும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போட்ட வீடியோவைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். எடுத்துச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

குறைவது கெட்டிமேளம். 3:12-ல் தாலி ஏறுகிறது, காதில் விழுவதோ சினிமாப் பாட்டு. முதல் முடிச்சுக்கு 2 விநாடி முன்பே பாட்டை இறக்கிவிடுங்கள். நாதஸ்வரமும் தவிலும் 12 விநாடியாவது தனியாக ஒலிக்கட்டும். பீக், அதாவது ஒலியின் உச்சம், -6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். கேமரா மைக்கில் தவில் கிளிப் ஆகியிருந்தால் (அளவு மீறி ஒலி உடைந்து பதிவாகியிருந்தால்) வால்யூமைக் குறைத்தும் பயனில்லை. தள்ளி நின்ற இரண்டாவது கேமராவின் ஆடியோவை எடுத்து படத்தோடு பொருந்தும்படி சிங்க் செய்யுங்கள்.

அடுத்து, அட்சதை விழும் ஷாட். அரிசி மணிகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டுகின்றன, கவனித்தீர்களா? விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுத்ததை ஆப்டிகல் ஃப்ளோ போட்டு பாதி வேகத்துக்குக் குறைத்திருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் இல்லாத ஃபிரேமை மென்பொருள் ஊகித்து வரைகிறது. சாதாரண வேகத்திலேயே விடுங்கள். ஸ்லோமோஷனுக்கு 50-ல் எடுத்திருக்க வேண்டும்.

கலர் நன்றாக இருக்கிறது, தொடாதீர்கள்.

அடுத்த வெர்ஷனை திரையில் டைம்கோடு (ஓடும் நிமிடம், விநாடி) தெரியும்படி அனுப்புங்கள். திருத்தங்கள் ஒரே ஆளிடமிருந்து, ஒரே பட்டியலாக, நிமிடம் விநாடியோடு வரட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் சித்தப்பா ஒன்று சொல்வார், அத்தை நேர்மாறாகச் சொல்வார். "பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள். "யார் முகம் விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள், பாதிக் குறை அதிலேயே வெளியே வந்துவிடும்.