பதில்: கூரை போட 4,200 ரிங்கிட் வாங்கிய குத்தகையாளர் வரவே இல்லை

வணக்கம் தம்பி. நிபோங் திபாலில் அப்பாவின் கம்பத்து வீட்டுக்கு ஜிங்க் கூரை போடுவதாகப் பணம் வாங்கிக்கொண்டு ஆள் கம்பி நீட்டிவிட்டார், வக்கீல் கேட்கும் கட்டணமோ அதைவிட அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு வக்கீலே வேண்டாம்.

5,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கையாகப் போடலாம். வழக்கைப் பதிவு செய்ய நீதிமன்றக் கவுண்டரில் பாரம் 198 கேளுங்கள். உங்களுக்கு ஜாவி நீதிமன்றம்தான் பக்கம். அங்கே பொதுவாக இரு தரப்புக்கும் வக்கீல் வாதாட முடியாது. அந்த ஆள் பெரிய வக்கீலைக் கூட்டி வந்து அப்பாவை மிரட்ட வழியில்லை. எனக்கு இதில் பிடித்ததே அதுதான். பணம் கொடுத்தது அப்பா என்றால் அவர் பெயரிலேயே போடுங்கள்.

ரசீது இல்லையே என்று கவலைப்படாதீர்கள். "அடுத்த வாரம் வர்றேன் அங்கிள்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளைத் தேதி, நம்பர் தெரிய அச்செடுங்கள். வங்கி மூலம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும், கூரை போடாமல் நிற்கும் வீட்டின் படமும் சேருங்கள்.

அப்புறம், அவருடைய சரியான முகவரி முக்கியம். பாரம் கைக்குப் போய்ச் சேராவிட்டால் வழக்கு நகராது. கம்பெனி பெயரில் வாங்கியிருந்தால் கம்பெனிகளைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் தேடலாம். அப்பாவுக்கு மலாய் தடுமாறும் என்றால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கவுண்டரிலேயே சொல்லிவிடுங்கள். ஒப்பந்தம் மீறினால் வழக்குப் போட ஆறு வருட அவகாசம் உண்டு. ஆனாலும் ஆள் வீடு மாறுவதற்குள் போடுவது நல்லது.