மே மாதச் சம்பளம் எங்கே?

கேள்வி: எம்.எஸ்சி. ஹியூமன் டெவலப்மென்ட், பி.எட். முடித்திருக்கிறேன். வேளச்சேரியில் ஒரு மழலையர் பள்ளியில் 6 வருடமாக எல்.கே.ஜி. டீச்சர். சம்பளம் 14,000. ஏப்ரல், மே சம்பளம் கிடையாது. ஜூனில் புது அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் தருவார்கள். மே மாதம் அட்மிஷனுக்கு மட்டும் சில நாள் போய் வருவேன். 'பிள்ளைகளுக்கும் லீவுதானே, வீட்ல இரு' என்கிறார் கணவர். முன்னேற மான்டிசோரி டிப்ளமோ படிக்கலாமா?
- வாசகி, சென்னை

பதில்: டிப்ளமோ கிடக்கட்டும். சம்பளம் இல்லாத மாதத்தில் அட்மிஷனுக்கு எதற்குப் போனீர்கள்? 6 வருடத்தில் 1,68,000 ரூபாய் போயிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஜூனில் கட்ட வேண்டிய ஃபீஸ் அம்மா அது! குடும்பத்துக்காக விட்டுக்கொடுப்பது வேறு. குடும்பத்துக்குச் சேர வேண்டியதைப் பள்ளி நிர்வாகத்துக்கு விட்டுக்கொடுப்பது வேறு. கணவரையும் உட்காரவைத்து இந்தக் கணக்கைப் போடுங்கள். வீட்டைக் காக்கும் பொறுப்பு அவருக்கும் உண்டு.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் அந்த ஜூன் ஆர்டர். அடுத்த பள்ளியில் கடைசி ஆர்டரைப் பார்த்து, ஒரு வருட அனுபவம் என்று ஆரம்பச் சம்பளம்தான் பேசுவார்கள். வேலையை விடும்போது தர வேண்டிய பணிக்கொடையை (கிராஜுவிட்டி) கேட்டால் 5 வருடத் தொடர் பணி இல்லை என்று இங்கே கைவிரிப்பார்கள். ஆனால் வருடத்துக்கு 240 நாள், வாரம் 6 நாளுக்குக் குறைவாக இயங்கும் இடமென்றால் 190 நாள் வேலை பார்த்திருந்தாலே தொடர் பணிதான். ஆறு ஆர்டர்கள், பேங்க் ஸ்டேட்மென்ட், மே மாதம் வரச்சொன்ன வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஆயாம்மா, வேன் டிரைவர் உட்பட 20 பேர் இருந்தால் பி.எஃப். கட்டாயம், மத்திய அரசின் உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து மாதாமாதம் விழுந்திருக்கிறதா பாருங்கள். முதலில் சேர்ந்த தேதியிலிருந்து இன்றுவரை ஒரே அனுபவச் சான்றிதழாக, வகுப்பும் பதவியும் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். ராஜினாமா கடிதம் கொடுத்த பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

இனி படிப்பு. மான்டிசோரி முடித்தாலும் இதே பள்ளியில் இதே ஆர்டர்தான் வரும். 1 முதல் 5ஆம் வகுப்புக்கு பி.எட். செல்லாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் போக டி.எல்.எட். என்ற தொடக்கக் கல்வி ஆசிரியர் டிப்ளமோ வேண்டும். உங்களிடம் இருக்கும் எம்.எஸ்சி.யை ஏன் தூங்க விடுகிறீர்கள்? 55 சதவீதம் இருந்தால், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50, உங்கள் ஹியூமன் டெவலப்மென்ட் அடங்கும் மனையியல் பாடத்தில் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதலாம். தேறினால் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி. மாலையில் இரண்டு மணி நேரம் படியுங்கள். அந்த நேரத்துக்கு அடுப்படியைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அதுவரை பெரிய பள்ளிகளில் கே.ஜி. கோஆர்டினேட்டர் வேலைக்கு ஜனவரியிலேயே விண்ணப்பியுங்கள். இன்டர்வியூவில் முதலில் கேட்க வேண்டியது, சம்பளம் 12 மாதமா, 10 மாதமா என்பது. 12 என்றால் அது ஆர்டரில் எழுத்தாக வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.