கவுன்சில் வீடு மாற்ற 3,000 பவுண்ஸ் கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாமில் கவுன்சில் (உள்ளூராட்சிச் சபை) வாடகைக்குத் தந்த இரண்டு அறை வீட்டில் நானும் மகளும் நீண்ட காலமாக இருக்கிறோம். ஹரோப் பக்கம் போக விருப்பம். அங்கே கவுன்சில் வீட்டில் இருக்கும் தமிழர் ஒருவர் வீட்டை மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கிறார். ஆனால் கார்ப்பெட், குக்கருக்கு என்று 3,000 பவுண்ஸ் கையில் கேட்கிறார். "முதலில் திறப்பை மாற்றுவோம், கவுன்சிலுக்குப் பிறகு சொல்லலாம்" என்கிறார். பார்க்கப் போனபோது ஓர் அறை பூட்டியிருந்தது. வாசலில் கிடந்த கடிதங்களில் வேறு பெயர்.

பதில்: காசையும் கொடுக்காதீர்கள், திறப்பையும் கொடுக்காதீர்கள்.

பழைய கார்ப்பெட்டுக்கு 3,000 பவுண்ஸ் என்றால் அது வீட்டுக்கான விலை என்று எந்த நீதிபதிக்கும் விளங்கும். வீடு மாற்றத்துக்காகக் காசு கைமாறியிருந்தால், 1985ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டப்படி அதையே காரணமாகக் காட்டிக் கவுன்சில் வீட்டைத் திருப்பிக் கேட்கலாம். வாங்கியவருக்கு மட்டுமல்ல, கொடுத்த உங்களுக்கும் அந்த ஆபத்து உண்டு. வெளியேற்றுவது நியாயமா என்று நீதிமன்றம் பார்க்கும்தான். அந்த நிலைக்கு ஏன் போக வேண்டும்?

அனுமதியின்றித் திறப்பை மாற்றுவது இன்னும் மோசம். ஈஸ்ட்ஹாம் வீட்டை விட்டுப் போனதால் அங்கே உங்கள் பாதுகாப்புப் போய்விடும், ஹரோவில் உரிமையே வந்திராது. நேர்மையற்று வீட்டைப் பிறரிடம் விட்டுப் போவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 வருடம் வரை சிறைக்குரிய குற்றம். தமிழர் என்று நம்பினேன் என்ற கதை அங்கே எடுபடாது.

வேறு பெயரில் வந்த கடிதங்கள்தான் எனக்கு உறுத்துகின்றன. அந்தப் பெயருக்குரியவரே உண்மையான வாடகைக்காரராக இருக்கலாம். உங்களோடு பேசுபவர் அவரிடம் உள்வாடகைக்கு இருப்பவராக இருக்கலாம். வாடகை ஒப்பந்தம், வாடகைக் கணக்கு, கவுன்சில் வரி பில் மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். பூட்டிய அறையையும் திறந்து காட்டட்டும்.

முறையான வழி கடினமானதல்ல. இருவரும் அவரவர் கவுன்சிலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கவுன்சில் 42 நாளுக்குள் பதில் தர வேண்டும். சட்டத்தில் உள்ள காரணங்களுக்காக மட்டுமே மறுக்கலாம். வாடகை நிலுவை இருந்தால் கட்டச் சொல்வார்கள். எழுத்து அனுமதி வந்து, மாற்றத்துக்கான உறுதிப் பத்திரத்தில் கையொப்பமிட்ட பிறகுதான் திறப்பு. அவருடையது காலவரையறையுள்ள ஒப்பந்தமா என்றும் கேளுங்கள். அப்படியானால், வீட்டில் காலவரையின்றி இருக்க உங்களுக்குள்ள ஆயுட்கால உரிமை என்னவாகும் என்று கவுன்சிலிடம் எழுத்தில் வாங்கிவிட்டு முடிவெடுங்கள்.

இந்த வாரமே விண்ணப்பிப்போம் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே முற்பணம் கொடுத்திருந்தால் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல், மிச்சக் காசு கொடுக்குமுன் ஒரு சொலிசிட்டரைப் பாருங்கள்.